தண்ணீர் உள்ளே போகிறது, வெளியே வரவில்லை

வெள்ளவத்தையில் வீட்டிலேயே அம்மாவுக்கு வயிற்று டயலிசிஸ் செய்கிறோம்: சிறுநீரகம் வேலை செய்யாததால், வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, பிறகு கழிவோடு வெளியே எடுப்பது. ஒரு நாளைக்கு 4 தடவை, 2 லீற்றர் பாக். ஒரு காலையில் தண்ணீர் வழக்கம்போல உள்ளே போனது, வெளியே வரும்போது கால்வாசிகூட இல்லை. எழுந்து நின்றால் கொஞ்சம், சரிந்து படுத்தால் இன்னும் கொஞ்சம், அப்புறம் நின்றுவிடும். அம்மாவுக்கு வயிறு கனத்து மூச்சு வாங்கியது. வந்த தண்ணீர் கலங்கியிருக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. கிருமித் தொற்று இல்லைப் போல, அது ஒரு ஆறுதல்.

கிளினிக்கில் தாதி மிஸ் முதலில் கேட்டது, "அம்மா ஒழுங்கா டொய்லட் போறாவா?" என்று. மலச்சிக்கல் இருந்தால் குடல் வீங்கிக் குழாயை அமுக்கும், நுனியையும் இடம் தள்ளிவிடும். இந்தக் கோளாறுக்கு அடிக்கடி காரணம் அதுதானாம். லக்டுலோஸ் என்ற மலமிளக்கி குடித்து மலம் போனது, தண்ணீர் மட்டும் வரவில்லை. எக்ஸ்ரேயில் பார்த்தால், அடிவயிற்றுக் குழிக்குள் இருக்க வேண்டிய குழாய் நுனி ஈரலுக்குக் கீழே ஏறிக் கிடந்தது.

குழாயை எடுத்துவிட்டு இரத்த டயலிசிஸுக்கு மாறச் சொன்னார் ஒரு டொக்டர். அம்மா அழுதுவிட்டா. சிறுநீரக டொக்டர்தான் எக்ஸ்ரே திரையில் பார்த்துக் கம்பியால் நேராக்கலாம் என்று அனுப்பினார். வெட்டு இல்லை, முழு மயக்கமும் இல்லை. அன்டிபயோட்டிக் ஏற்றி, வெளியே இருக்கும் குழாயைச் சுத்தம் செய்து, அதன் வழியாகவே சாயமருந்து விட்டார்கள். பிறகு விறைப்பான மெல்லிய கம்பி உள்ளே போனது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்: வளைந்து கிடந்த கோடு மெதுவாகத் திரும்பிக் கீழே இறங்கியது. அடிவயிற்றில் இழுத்ததாக அம்மா சொன்னா. மேசையிலேயே தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள், தாரையாக வந்தது. எனக்குக் கைகால் நடுக்கம் அப்போதுதான் நின்றது.

மறுபடியும் நகரலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அதனால் லக்டுலோஸை நாங்கள் விடவில்லை.

உங்கள் அம்மாவின் கதையைப் படித்துவிட்டுக் கொட்டாஞ்சேனையிலிருந்து பதில் எழுதுகிறேன், அக்கா. என் அண்ணாவுக்கும் கம்பி போட்டார்கள், நுனி இறங்கியது, சில நாளில் திரும்ப ஏறிவிட்டது. குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புச் சவ்வு குழாயைச் சுற்றிப் பிடித்திருந்ததாம். அதைக் கம்பியால் விடுவிப்பது கஷ்டம். லப்பரஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியாகக் கமரா விட்டுச் செய்யும் ஒப்பரேஷன், செய்து சவ்வை விலக்கி மேலே தைத்தார்கள். அதன்பிறகு கொஞ்சக் காலம் குறைந்த அளவு தண்ணீர்தான், அதுவும் படுத்தபடி. இப்போது நன்றாக ஓடுகிறது.

அதற்கு முன்பு ஒருமுறை தண்ணீரில் வெள்ளை நூல் நூலாக வந்து அடைத்தது. அப்போது பாக்கில் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து கலந்ததிலேயே சரியாகிவிட்டது. ஆகவே அடைத்தவுடன் குழாயை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். எக்ஸ்ரேயில் நுனி எங்கே இருக்கிறது, கம்பியால் முயன்று பார்க்கலாமா என்று முதலில் கேளுங்கள். ஆனால் தண்ணீர் கலங்கினாலோ வயிறு வலித்தாலோ ஒரு நிமிஷமும் வீட்டில் இருக்க வேண்டாம், அந்தப் பாக்கையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.