மெல்போர்ன்ல அப்பா அம்மாவ விசிட்டுக்கு கூப்பிட்டிருக்கீங்களா? பக்கத்து இத்தாலியன் கிளப் நியூஸ்லெட்டர ஒரு தடவ வாசிங்க

புதுசா வந்தவங்க வீடு, ஸ்கூல், லைசென்ஸ், இந்தியன் கடைன்னுதான் கேப்பீங்க, அதுக்கெல்லாம் இந்த குரூப்ல நூறு தடவ பதில் வந்தாச்சு. நான் சொல்ல வந்தது ஒரு வருசம் கழிச்சு வர்ற பிரச்சனை. ஊர்லருந்து அப்பா அம்மா விசிட்டர் விசால வருவாங்க, முதல் ரெண்டு வாரம் கிரேட் ஓஷன் ரோடு, பெங்குவின், சிட்டின்னு ஓடிரும், மூணாவது வாரம் நாம வேலைக்கு பிள்ளைக ஸ்கூலுக்கு, அவங்க ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள டிவிய பாத்துக்கிட்டு. தெருவுல ஈ காக்கா கிடையாது. தமிழ்ச் சங்கம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் கூடுது, நடுவுல இருக்குற செவ்வாய்க்கிழமைக்கு என்ன பண்றது?

எங்க அப்பா நாகர்கோவில்ல போஸ்ட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஊர்ல சாயங்காலம் டீக்கடை, நாலு பேரு, ஒரு சீட்டுக்கட்டு இல்லாம நாள் முடியாது. இங்க வந்து ஒரு மாசத்துல ஆளு சுருங்கிட்டாரு. நாங்க இருக்குறது தாமஸ்டவுன் பக்கம், ரெண்டு வீடு தள்ளி ஒரு இத்தாலியன் பாட்டி, தனியா இருக்காங்க, வேலிக்கு மேல அத்திப்பழம் நீட்டுவாங்க, அம்மா பதிலுக்கு முறுக்கு குடுப்பாங்க. ஒரு நாள் பழத்த சுத்தி குடுத்த பேப்பர் அவங்க கிளப்போட மாசாந்திர நியூஸ்லெட்டர். அப்பாவுக்கு எழுத்துன்னு இருந்தா வாசிச்சாகணும், தபால்காரர் புத்தி, ஒரு பக்கம் இத்தாலியன் ஒரு பக்கம் இங்கிலீஷ், கண்ணாடிய போட்டு முழுசா வாசிச்சுட்டு “எல, செவ்வாக்கிழமை சீட்டுன்னு போட்டிருக்காம்லா”ன்னாரு. அப்படி ஆரம்பிச்சது.

மொதல்ல இது என்ன கிளப்னு சொல்லிர்றேன், பப் மாதிரி நெனச்சுக்காதீங்க. 1951ல ஆஸ்திரேலியாவும் இத்தாலியும் ஒரு குடியேற்ற ஒப்பந்தம் போட்டாங்க, போருக்கப்புறம் அங்க வேலை இல்ல இங்க ஆள் இல்ல. கப்பல்ல வந்து ரெண்டு வருசம் கவர்மெண்ட் காட்டுற எடத்துல வேலை பாக்கணும்னு எழுதிக் குடுத்து வந்தவங்க நெறைய பேரு. ஒடோங்கா பக்கத்துல பொனெகில்லான்னு பழைய ராணுவ கேம்ப், அங்க தகரக் கொட்டாயில தங்க வச்சாங்க, சொன்ன வேலை வராம 1952லயும் 1961லயும் கலாட்டாவே ஆச்சு. அப்புறம் கொத்தனாரு, கான்க்ரீட், டெராசோ, தோட்டம், ஃபேக்டரின்னு பரவி, வீக்கெண்டுல ஒண்ணா உக்கார எடம் வேணும்னு ஊரு ஊரா சங்கம் வச்சாங்க. ஊரு ஊராங்குறது முக்கியம். இத்தாலி ஒரே நாடா ஆனதே 1861லதான், அதனால இவங்களுக்கு மொதல்ல ஊரு, அப்புறம்தான் நாடு. புல்லீன்ல வெனெட்டோ கிளப், பிரன்ஸ்விக் ஈஸ்ட்ல அப்ருஸ்ஸோ கிளப், தார்ன்பரில ஃப்ரியூலிக்காரங்களோட ஃபோகோலார் ஃபுர்லான்னு இத்தாலியோட ஒவ்வொரு மாகாணத்துக்காரங்களுக்கும் தனித்தனியா இருக்குறது அதனாலதான். வடக்கத்திக்காரர் பேச்சு தெக்கத்திக்காரருக்கு புரியாதாம், ஒருத்தர ஒருத்தர் நக்கல் அடிச்சுக்குறாங்க. நாகர்கோவில் தமிழ வச்சு சென்னையில வாங்குன அடி அப்பாவுக்கு ஞாபகம் வந்து ஒரே சிரிப்பு.

2021 சென்சஸ்ல தன் வம்சாவளி இத்தாலின்னு எழுதுனவங்க ஆஸ்திரேலியா முழுக்க பத்து லட்சத்துக்கு மேல, ஆனா கிளப்ல மத்தியானம் உக்காந்திருக்கது பெரும்பாலும் எண்பத தாண்டுனவங்க. பிள்ளைக பேரப்பிள்ளைக கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வர்றாங்க, செவ்வாய்க்கிழமை சீட்டுக்கு வர்றதில்ல. அதனால ஒரு கை கொறஞ்ச மேசைக்கு புது ஆள் வந்தா சந்தோசம்தான் படுறாங்க, தோல் நெறம் யாரும் பாக்கல, எங்க அனுபவத்துல.

இப்ப நியூஸ்லெட்டர எப்படி வாசிக்கணும்னா, மொத பக்கம் பிரெசிடெண்ட் கடிதம், அத தாண்டிருங்க, எல்லா சங்கத்துலயும் ஒரே கடிதம்தான், வாலண்டியர்களுக்கு நன்றி, கார் பார்க் ரிப்பேர், மெம்பர்ஷிப் கட்டாதவங்க கட்டுங்க. அடுத்தது மாசாந்திர சாப்பாடு, பிரான்ஸோன்னா மத்தியானம், சேனான்னா ராத்திரி. அதுக்குக் கீழ புக்கிங் கடைசி தேதி இருக்கும், அதுதான் முக்கியம், நாங்க மொத தடவ புக் பண்ணாம பந்திக்கு போற மாதிரி குடும்பத்தோட போயி வாசல்ல நின்னோம், சமையக்கட்டுல இருக்கது வாலண்டியர் அம்மாங்க, தலை எண்ணித்தான் பாஸ்தா போடுவாங்க. அப்புறம் போச்சேங்குற பந்து விளையாட்டு ரிசல்ட், பஸ் டூர், இத்தாலியன் கிளாஸ், கடைசி பக்கம் இரங்கல். அந்த கடைசி பக்கம் ஒவ்வொரு மாசமும் நீளமாத்தான் இருக்கு. அப்பா சீட்டாடுன ஒருத்தர் பேரும் ஒரு மாசம் அதுல வந்துச்சு, அன்னைக்கு அவரு டீ கூட குடிக்கல.

வருசம் எப்படி ஓடுதுன்னா, ஜனவரில கிளப் பாதி மூடியிருக்கும், ஆறாம் தேதி பிள்ளைகளுக்கு பெஃபானா, தொடப்பத்துல வந்து மிட்டாய் குடுக்குற கெழவி. பிப்ரவரி கடைசில தக்காளி. இதப்பத்தி தனியாவே எழுதலாம். ரோமா தக்காளி பெட்டி பெட்டியா வாங்கி, கழுவி, நறுக்கி, மிசின்ல விட்டா தோலும் விதையும் ஒரு பக்கம், சாறு ஒரு பக்கம், அத பழைய பீர் பாட்டில்ல ஊத்தி ஒவ்வொண்ணுலயும் ஒரு துளசி மாதிரி எலை, பேசில், போட்டு மூடி, பெரிய டிரம்முல பாட்டில் ஒண்ணோட ஒண்ணு முட்டாம பழந்துணி செருகி, தண்ணி ஊத்தி, விறகு எரிச்சு அவிப்பாங்க, தீய அணைச்சுட்டு ராத்திரி முழுக்க அப்படியே ஆற விட்டுருவாங்க. ஒரு வருசத்துக்கான சாஸ். எங்க அம்மாவுக்கு இங்கிலீஷே வராது, ஆனா அன்னைக்கு காலைல ஏழு மணிலருந்து அவங்கதான் மேஸ்திரி மாதிரி, வடகம் போட்டு ஊறுகாய் போட்டு வளந்த கைக்கு மொழி எதுக்கு? அந்தப் பாட்டி வெனெட்டோ பேச அம்மா நாகர்கோவில் பேச வேலை நடந்துச்சு.

மார்ச் எட்டு பெண்கள் தினத்துக்கு மஞ்சப்பூ, மிமோசா, குடுப்பாங்க. மார்ச் ஏப்ரல்ல திராட்சை பிழிஞ்சு வைன் போடுறவங்களும் இருக்காங்க. ஈஸ்டருக்கு அடுத்த திங்கள் பிக்னிக். செஸ்ட்நட் சுடுறது இத்தாலில அக்டோபர் நவம்பர், இங்க பருவம் தலைகீழா இருக்கதால ஏப்ரல் மே. ஜூன் ரெண்டு குடியரசு தினம், 1946ல ராசா வேணுமா குடியரசு வேணுமான்னு ஓட்டுப் போட்ட நாள். ஜூன் பதிமூணு அந்தோணியார் திருநாள், நம்ம உவரி அந்தோணியார்தான், இத்தாலில பதுவான்னு ஒரு ஊர்ல அடக்கம் ஆனவரு. அப்பா இந்துதான், ஆனா கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா பாத்து வளந்தவரு, சுரூபத்த பாத்த உடனே “நம்ம ஊரு சாமில்லா”ன்னு கும்பிட்டுட்டாரு. ஜூன் ஜூலை குளிர்ல பன்னி வெட்டி சலாமி போடுவாங்க, நாங்க அதுக்கு போகல. ஆகஸ்ட் பதினஞ்சு ஃபெர்ரகோஸ்தோ, அங்க கோடை லீவு, இங்க ஹீட்டர் போட்ட ஹால்ல கோட்டு மாட்டிக்கிட்டு கொண்டாடுறாங்க. டிசம்பர்ல பனெத்தோனேங்குற கிறிஸ்துமஸ் கேக். முடிஞ்சது வருசம்.

சீட்டுக்கு வருவோம். பிரிஸ்கோலான்னு பேரு, நாப்பது சீட்டு, கோப்பை, காசு, வாள், தடின்னு நாலு சாதி, எட்டு ஒம்பது பத்து கிடையாது, ராணியும் கிடையாது, குதிரைக்காரன் இருப்பான். மதிப்புதான் விசித்திரம், ஏஸுக்கு 11, அடுத்தது மூணுக்கு 10, அப்புறம் ராஜா 4, குதிரை 3, சிப்பாய் 2, மத்ததெல்லாம் பூஜ்யம், மொத்தம் 120, அதுல 61 எடுத்தா கெலிப்பு. நம்ம பசங்களுக்கு மூணு எப்படி ராஜாவ வெட்டும்னு மண்டை காயும். அப்பாவுக்கு அஞ்சு நிமிசம்கூட ஆகல, ஏன்னா அவரு ஊர்ல இருபத்தெட்டுங்குற சீட்டாட்டம் ஆடுனவரு, அதுல ஜாக்கியும் ஒம்பதும்தான் ஏஸுக்கு மேல. 304 ஆடுற யாழ்ப்பாணத்து பெரியவங்களுக்கும் இது அப்படியே ஒட்டிக்கும், நிச்சயமா கூட்டிட்டுப் போங்க. ஜோடி சேந்து ஆடும்போது கண்ணடிச்சு உதட்ட சுழிச்சு கூட்டாளிக்கு சைகை காட்டுறது அங்க ஆட்டத்துலயே சேத்தியாம், ஊர்ல இதுக்கு சண்டை நடக்கும்.

இன்னொண்ணு தொம்போலா. நம்ம ஊரு கிளப்ல, கல்யாண வீட்டுல தம்போலா ஹவுஸின்னு ஆடுறோம்ல, அந்த பேரு வந்த வீடு இதான், அதே 90 நம்பர். ரெண்டு நம்பர் ஒரே வரிசைல விழுந்தாலே பரிசு, அப்புறம் மூணு, நாலு, அஞ்சு, கடைசில முழு சீட்டு. நேப்பிள்ஸ்காரங்க ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு பேரு வச்சிருக்காங்க, 48 பேசுற பொணம், 90 பயம், 77 பொம்பளைங்க காலு, அது வந்தா ஹாலே சிரிக்கும். அம்மா ஒன்னுலருந்து தொண்ணூறு வரை இத்தாலியன்ல கத்துக்கிட்டது இதுலதான், இங்கிலீஷ்ல இன்னும் இருபதுக்கு மேல தடுமாறுவாங்க.

போச்சே கோலிக்குண்டோட பெரியப்பா. சின்ன பந்து ஒண்ண, பல்லினோ, முன்னால உருட்டிட்டு, பெரிய பந்துகள அதுகிட்ட கொண்டு போறது, எதிராளி பந்த அடிச்சு தள்ளவும் செய்யலாம். ஓட வேண்டாம், எழுபது வயசு முட்டிக்கு தாங்கும். அடி தட்டையான ஷூ போட்டுட்டுப் போகணும், செருப்புக்கு விட மாட்டாங்க. யாரு பந்து கிட்ட இருக்குன்னு டேப் வச்சு அளக்கும்போது நடக்குற வாக்குவாதத்த பாக்கணுமே, எதுவும் புரியாம எல்லாம் புரியும்.

சாப்பாடு. சைவக்காரங்க உஷாரா இருங்க. வெஜிடேரியன்னு சொன்னா கறித்துண்டு இருக்காது, அவ்வளவுதான், ரிஸோட்டோன்னு அவங்க குழைஞ்ச சோற மாட்டுக்கறி சூப்புலயோ கோழி சூப்புலயோதான் வேக வைப்பாங்க, சாஸ்ல நெத்திலி மாதிரி மீனு கரைஞ்சு கெடக்கும், பார்மெசான் சீஸ்ல பால உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துலருந்து எடுக்குற ரென்னெட் இருக்கு. எங்க அம்மா வெள்ளிக்கிழமை விரதத்துல ஒரு தட்டு ரிஸோட்டோ சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் எங்களுக்கு தெரிஞ்சது, இன்னைக்கு வரை அம்மாட்ட சொல்லல. புக் பண்ணும்போதே கறி, மீன், எலும்பு சூப்பு எதுவும் கூடாதுன்னு பிரிச்சு சொல்லுங்க. மீன் சாப்பிடுறவங்களுக்கு கொண்டாட்டம், பொலெந்தாவும் பக்கலாவும் போட்டாங்க, பொலெந்தான்னா மக்காச்சோளக் களி, பக்கலான்னா காஞ்ச காட் மீனு ஊற வச்சு பால்ல வேக வச்சது. அப்பா ஒரு வாய் வச்சுட்டு “இது கருவாடுலா, மக்கா”ன்னாரு. கண்ணு கலங்கிருச்சு அவருக்கு, மொளகு காரமா கருவாடான்னு நான் கேக்கல.

சில நடைமுறை. பல கிளப்ல மெம்பர் இல்லாதவங்க வாசல்ல இருக்குற விசிட்டர் புக்குல கையெழுத்து போட்டுட்டு உள்ள போகணும். சோசியல் மெம்பர்ஷிப் கேட்டுப் பாருங்க, இத்தாலியனா இருக்கணும்னு அவசியமில்லாத கிளப் இருக்கு, சிலதுல ரெண்டு பழைய மெம்பர் சிபாரிசு கேப்பாங்க. பெரியவங்கள சிஞ்ஞோர், சிஞ்ஞோரான்னு கூப்பிடுங்க, அவங்க மொழிலயும் நீ நீங்க வித்தியாசம் இருக்கு, அவங்களா சொல்ற வரைக்கும் பேரு சொல்லாதீங்க. முக்கியமா, கிளப்ல போக்கி மிசின், அதான் காசு போட்டு ஆடுற சூதாட்ட மிசின், ரூம் இருக்கான்னு பாத்துக்கோங்க, விக்டோரியால சில கிளப்ல இருக்கு, நேரம் போகாத பெரியவங்கள அது முழுங்கிரும், நான் சும்மா சொல்லல. விசிட்டர் இன்சூரன்ஸ் போடாம போச்சேக்கு விடாதீங்க, விழுந்தா பில்லு நம்ம தலைல.

கீழ கமெண்ட்ல கேள்வி கேட்டவங்களுக்கு பதில். கோயம்புத்தூர் தம்பி, கார் இல்லாட்டி பிரன்ஸ்விக் ஈஸ்ட் லைகன் ஸ்ட்ரீட்டுக்கு டிராம்லயே போகலாம், அப்படியே கார்ல்டன்ல ஃபாரடே ஸ்ட்ரீட்ல இத்தாலியன் மியூசியம் ஒண்ணு இருக்கு, அதையும் காட்டுங்க. அக்கா ஒருத்தங்க மொழி தெரியாம எப்படின்னு கேட்டிருந்தாங்க, அந்த வயசுல வந்தவங்க இங்கிலீஷும் நம்ம அப்பா இங்கிலீஷும் ஒரே ரகம்தான், அதான் வசதி, வேகமா பேசுற நம்ம பிள்ளைககிட்டதான் ரெண்டு பேருக்கும் கஷ்டம். மாமியார் ஒத்தைல போவாங்களான்னு கேட்டவங்க, மொத நாலு தடவ நீங்களும் கூட போய் உக்காருங்க, லீவு போட்டாவது.

சீட்டு காசுக்கான்னு ஒரு அண்ணன் கேட்டாரு. இல்லண்ணே, காப்பிக்கு, தோத்த ஜோடி வாங்கணும். அப்பா போன மாசம் ஊருக்குப் போகும்போது ரெண்டு காப்பி பாக்கி வச்சுட்டுப் போயிட்டாரு, நேத்து போன் போட்டு குடுத்தாச்சான்னு கேக்குறாரு, குடுத்தாச்சு.