புதுப்பிப்பு: தொட்டியில் வந்த சிவப்புத் தட்டைப்புழு

எங்கள் புதுச்சேரி வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் துருநிறப் புள்ளிகள் பரவுவதாக முன்பு எழுதியிருந்தேன். சிவப்புத் தட்டைப்புழுதான். உடலுக்குள் பாசியை வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பிழைக்கும் வகை. உடல் பிரிந்தே பெருகும். நீரோட்டம் மந்தமான மூலைகளில் கும்பலாக அப்பியிருந்தன.

பலர் உடனே மருந்து ஊற்றச் சொன்னீர்கள். மொத்தமாகச் செத்தால் இவை விடும் நஞ்சு மீனையே கொல்லும். அதனால் முதலில் ஏர் டியூபால் முடிந்தவரை உறிஞ்சி எடுத்தேன். தண்ணீரும் கூடவே போகும், புது உப்புநீர் கலந்து தயாராக இருக்க வேண்டும். (பீச்சில் ஒரு குடம் மொண்டு வரலாமே என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். மழைக்காலத்துக் கரைத் தண்ணீரா, வேண்டவே வேண்டாம்!) அப்புறம்தான் ஃபிளாட்வார்ம் எக்ஸிட் என்ற தட்டைப்புழு மருந்து. புழுக்கள் சுருண்டு மிதந்ததும் மறுபடி உறிஞ்சல், நஞ்சை ஈர்க்கப் புது ஆக்டிவேட்டட் கார்பன் (வடிகட்டிக் கரி), தாராளமாகத் தண்ணீர் மாற்றம். கோமாளி மீன்கள் நலம்.

புழுவைத் தின்ன ஆறுவரி ராஸ் மீன் வாங்கச் சொன்னவர்களுக்கு: சில தின்னும், சில திரும்பிக்கூடப் பார்க்காது, சின்னத் தொட்டியில் சரியான சண்டைக்காரன். நீல வெல்வெட் கடல் நத்தையோ தட்டைப்புழுவை மட்டுமே தின்னும், புழு தீர்ந்தால் பட்டினியில் சாகும். இரண்டும் வேண்டாம் என்று விட்டேன்.

பாறை இடுக்கில் ஓரிரண்டு இன்னும் தெரிகின்றன. அடுத்த வாரம் இன்னொரு சுற்று மருந்து.