மறு: கர்ப்பிணிகள் கையேட்டில் ‘உண்பூச்சி’ என்று போடலாமா?

> ‘உண்பூச்சி’, ‘உணவுப்பூச்சி’ இரண்டில் ஒன்றை முடிவுசெய்தால் பெங்களூருப் பதிப்பு அச்சுக்குப் போய்விடும்.

வணக்கம்.

தின்னத்தக்க பூச்சிகளுக்கு (edible insects) நீங்கள் கேட்ட சொல் இரண்டும் வேண்டாம். ‘உணவுப்பூச்சி’ என்றால் அல்சூரில் நம் ஆட்கள் காதில் விழுவது ரவையில் நெளிவதுதான். தவிர, கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்துக்கு மேல் கொடுக்கும் அல்பெண்டசோலுக்கு நம் வீடுகளில் ‘பூச்சி மாத்திரை’ என்றே பேர். வயிற்றுப்பூச்சிக்கு மாத்திரை கொடுத்த கையோடு பூச்சி சாப்பிடச் சொன்னால் யார் கேட்பார்கள்? ‘உண்பூச்சி’ வினைத்தொகை; பூச்சி உண்கிறதா, உண்ணப்படுகிறதா என்று தெரியாது. ஆய்வுக் கட்டுரைக்கு ‘உண்தகு பூச்சி’ போதும், பொருள் பிசகாது.

கையேட்டில் பொதுச்சொல்லே தேவையில்லை என்பது என் கட்சி. இறால் வாங்குகிறவர் கணுக்காலி (இறாலும் பூச்சியும் அடங்கும் பெரும்பிரிவு) வாங்குவதாக நினைப்பதில்லை. ஈசலும் அப்படித்தான்: புறநானூறு 119-ஆம் பாட்டிலேயே செம்புற்று ஈயல் மோர்ப்புளிப்போடு வருகிறது, ‘பூச்சி’ என்ற பேச்சே இல்லை. எதைத் தின்கிறோமோ அதன் பெயரைச் சொல்லுங்கள்.

அங்கேதான் சிக்கல். பண்ணையில் அதிகம் வளர்க்கும் அக்கீட்டா டொமெஸ்டிகஸுக்கு (ஆங்கிலத்தில் house cricket) வரைவில் ‘பிள்ளைப்பூச்சி’ என்றிருக்கிறது. உடனே எடுத்துவிடுங்கள். பிள்ளைப்பூச்சி மண்ணைத் தோண்டும் வேறு வகை. பிள்ளை வேண்டி அதை வாழைப்பழத்தில் வைத்து விழுங்கும் நாட்டு வழக்கம் வேறு உண்டு. கர்ப்பிணிக் கையேட்டில் அந்தப் பெயர் வந்தால் ஊட்டச்சத்து அடிபட்டு, நம்பிக்கைதான் நிற்கும். ‘சில்வண்டு’ மரத்திலிருந்து கத்துவது. ‘பாச்சை’ பொருந்தும், ஆனால் கரப்பானைப் பாச்சை என்னும் ஊர்களும் உண்டே. ஆகவே ‘பண்ணைப்பாச்சை’. வயலில் பிடித்ததில் பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கலாம், கர்ப்பிணிக்கு அது ஆகாது; அந்த எச்சரிக்கையும் பெயருக்குள்ளேயே வந்துவிடுகிறது.

— சொல்லாக்கக் குழு, அல்சூர்

*

‘பண்ணைப்பாச்சை’க்கு என் ஓட்டு. ‘பாச்சை மாவு’ மட்டும் வேண்டாம், ‘பாச்சைப்பொடி’ என்று போடுங்கள். மாவு என்றால் அதிலேயே தோசை வார்த்துவிடுவார்கள். இது ராகி மாவில் சிறு பங்காகக் கலப்பது.

செய்முறைச் சொற்களும் தேவைப்படும். 24 மணி நேரம் தீனி நிறுத்துவது ‘குடல் வெறுமையாக்கல்’. பிறகு உறையவைத்துக் கொன்று, கழுவி, கொதிநீரில் 5 நிமிடம் போடுவது ‘வெந்நீர்ப் பதம்’. இதை ‘கிருமிநீக்கம்’ என்று மொழிபெயர்த்திருப்பது ஆபத்து. என்டெரோபாக்டீரியா (குடல்வகைப் பாக்டீரியா) சாகும், பேசில்லஸ் பாக்டீரியாவின் ஸ்போர் (கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம்) சாகாது. ஈரம் சேர்ந்ததும் அது முளைத்துப் பெருகும். எனவே பொடி கலந்த கஞ்சியை வெளியில் வைத்து அடுத்த வேளைக்குக் கொடுக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் வரட்டும். உலர்த்தும்போது ஈரப்பதம் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். வெட்டுக்கிளியானால் காலைக் கிள்ளிவிட வேண்டும். காலின் முள் குடலில் சிக்கும், கர்ப்பத்தில் மலச்சிக்கல் ஏற்கெனவே படுத்துகிறது.

‘புரதம்’ என்ற சொல்லுக்கும் ஒரு அடைமொழி வேண்டும். நைட்ரஜன் அளவை 6.25-ஆல் பெருக்கிப் போடுவது ‘கச்சாப் புரதம்’. மேலோட்டுக் கைட்டினில் உள்ள நைட்ரஜனும் அதில் சேர்ந்துவிடும். 2017-இல் சில புழுக்களில் அளந்தபோது 4.76 என்ற காரணிதான் வந்தது. அதைப் போட்டால், 10 கிராம் பொடிக்கு 6.5 கிராம் என்று எழுதிய பொட்டலத்தில் இருப்பது 5 கிராம்தான். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கில் நடு மும்மாதத்துக்குத் தினசரி கூடுதல் புரதத் தேவை 9.5 கிராம், கடைசி மும்மாதத்துக்கு 22. ஆகவே பருப்பையும் முட்டையையும் நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். இரும்பு மாத்திரையையும்தான்: தினம் 60 மில்லிகிராம், 180 நாள், அது தனி.

ஒவ்வாமை வரியில் ‘கடலுணவு’ என்று பொதுவாகப் போடாமல் ‘இறால், நண்டு’ என்று போடுங்கள். ஒவ்வாமையைத் தூண்டும் ட்ரோப்போமயோசின் என்ற புரதம் இரண்டிலும் பாச்சையிலும் உண்டு. மீன் ஒவ்வாமை வேறு கதை.

— உணவு நுண்ணுயிரியல், ஹெப்பாள்

*

ஒரே ஒரு திருத்தம், ‘பட்டுப்புழு’ பதிவில். ராமநகரம் பக்கம் நூலிழுத்த பின் மிஞ்சும் மல்பெரிப் பட்டின் கூட்டுப்புழு, சுடுநீரில் ஊறிக் குவியலாகக் கிடப்பது. நிறைவுறாக் கொழுப்பு மிகுதி, சீக்கிரம் காறிவிடும். கோழித் தீவனத்துக்குப் போகிறது, அங்கேயே போகட்டும். அசாமிலும் நாகாலாந்திலும் தின்பது எரி (eri) என்ற வேறு வகைப் பட்டின் கூட்டுப்புழு. அந்தக் கூட்டுக்கு ஒரு முனை திறப்பு, அதனால் வேகவைக்காமலே புழுவை எடுத்துவிடலாம். நைஜீரியாவின் அனாஃபே என்ற பட்டுப்புழுவோ பி1 வைட்டமினைச் சிதைக்கும் தயமினேஸ் என்ற நொதி உள்ளது. அதைத் தின்று தள்ளாட்ட நோய் வந்திருக்கிறது. ஓயாத வாந்தியில் பி1 குறைந்த கர்ப்பிணிக்கு அதைக் கொடுக்கவே கூடாது. மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம்: மல்பெரிக் கூட்டுப்புழு, எரிக் கூட்டுப்புழு, அனாஃபேப் புழு என்று தனித்தனியே பதியுங்கள்.

— பட்டு வளர்ப்பு, பி.டி.எம். லேஅவுட்