மாதர் குழுவில் பேச டர்பனில் ஒரு பெண் டாக்டர் கிடைப்பாரா?

வணக்கம். டர்பன் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் மாதர் குழுவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிப் பேச ஒரு பெண் டாக்டரோ நர்ஸோ வேண்டும். ஆண் டாக்டர் வந்தால் பாதிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள்.

அரசு கிளினிக்கில் 30 வயதிலிருந்து பத்தாண்டுக்கு ஒன்றாக மூன்று பாப் ஸ்மியர் (கருப்பைவாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை) இலவசம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அதே கிளினிக்கில் வரிசையில் நிற்கும் நம் பெண்கள் இதை மட்டும் கேட்பதில்லை. போன ஞாயிறு கோயில் அடுக்களையில் பூரி இட்டுக்கொண்டே ஒரு ஆயா, "அதெல்லாம் சின்னப் பொண்ணுங்களுக்குத்தானே?" என்றார். சுற்றியிருந்தவர்களும் தலையாட்டினார்கள்!

குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பெண்கள் நல ஆராய்ச்சி நடக்கிறது. 2010இல் பெண்களுக்கான எச்.ஐ.வி. தடுப்பு ஜெல் ஆய்வை வெளியிட்ட கேப்ரிசா மையமும் அங்கேதான். அங்கே வேலை செய்பவர், படிப்பவர் யாரையாவது தெரியுமா? பொது முகவரிக்கு எழுதுவதைவிடத் தெரிந்தவர் மூலம் போனால் சீக்கிரம் நடக்கும்.

ஞாயிறு காலை பூஜை முடிந்ததும் ஒரு மணி நேரம் போதும். ஆங்கிலத்தில் பேசலாம். அப்புறம், சாப்பாடு எங்கள் பொறுப்பு. விவரம் தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.