புதுப்பிப்பு: காசு கட்டி வான் வண்டிக்குள் தூங்கினோம்

"வானுக்குள்ளேயே தூங்குவதற்கு முகாமிடும் இடத்துக்கு எதற்குக் காசு, வீதியோரம் நிறுத்தினால் போதாதா?" என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். சரி, போய் வந்தாச்சு.

வெள்ளவத்தையிலிருந்து விடியப் புறப்பட்டு, அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை தாண்டி பெலிகுல் ஓயா. ஆற்றங்கரையில் ஒரு கட்டண முகாம். சில்லு புதையாத கெட்டித் தரை, வெளிச்சமுள்ள கழிவறை, இரவுக் காவலுக்கு ஒருவர். பின்கதவைத் திறந்தால் கல்லில் மோதி ஓடும் தண்ணீர், கால் நீட்டினால் படும் தூரத்தில். அதற்கே காசு கொடுக்கலாம். பிளக் பொயின்ட் மட்டும் சமையல் கொட்டிலில்தான். முதலே கேட்காதது என் பிழை.

மறுநாள் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, 2,000 மீற்றருக்கு மேல். குளிர் சொல்லி வேலையில்லை. வாசலில் பொலித்தீனைக் கழற்றி வாங்கிவிடுவார்கள். பாணைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போங்கள். 'உலக முடிவு' என்கிற செங்குத்து மலை விளிம்பைக் காலை ஒன்பது மணிக்குள் பாருங்கள், பிறகு பெரும்பாலும் வெறும் பனிமூட்டம்தான். உள்ளே முகாமிட வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு வேண்டும்.

அட்டைக்கடி பற்றி எச்சரித்த அண்ணாவுக்கு: சவர்க்காரம் பூசித்தான் நடந்தேன். ஒன்றே ஒன்று கடித்தது, அதுவும் வானுக்குள்.