'பாடி அண்ட் சோல்': வளையத்துக்குள் கேமரா எப்படி நுழைந்தது?

கேள்வி:
ராபர்ட் ராஸன் இயக்கத்தில் 1947-இல் வெளிவந்த இந்தக் குத்துச்சண்டைப் படத்தின் இறுதிச் சண்டையில், நாயகன் ஜான் கார்ஃபீல்டின் மூச்சு நம் முகத்தில் படும் அளவுக்குக் கேமரா நெருங்கி வருகிறது. கனமான கேமராக்கள் புழங்கிய அக்காலத்தில் இது எப்படிச் சாத்தியமாயிற்று?

மறுமொழி 1:
ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் வாங் ஹவ், காலில் ரோலர் ஸ்கேட்டுகளை மாட்டிக்கொண்டு, கைக்கேமராவுடன் வளையத்துக்குள் உருண்டபடியே படமாக்கினார். படத்தொகுப்புக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது.

மறுமொழி 2:
என்னை உலுக்கியது கேனடா லீ ஏற்ற பென் பாத்திரம்தான். மூளையில் இரத்தம் உறைந்திருந்தும் தாதா ராபர்ட்ஸின் ஆதாயத்துக்காகச் சண்டையில் இறக்கப்பட்ட அந்த முன்னாள் சாம்பியன், பயிற்சிக்கூடத்தில் வெறும் காற்றைக் குத்திக்குத்திச் சரிந்து விழும் காட்சியை என்னால் மறக்கவே முடியவில்லை. லீ உண்மையிலேயே தொழில்முறைக் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். அந்தத் தோள்களின் அசைவு வெறும் நடிப்பால் வருவதன்று.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தோற்பதற்கு ஒப்புக்கொண்டு, எதிராளியின் மீது 60,000 டாலர் பந்தயமும் கட்டிய நாயகன், பணத்தை உதறிவிட்டு வென்று, ஓவியக்காரி பெக்கின் அணைப்புக்குத் திரும்பும் முடிவை இன்றிரவே மீண்டும் பார்க்கப் போகிறேன்.