‘பனிக்குட நீர்க் குருத்தணு’: நீர் வேண்டுமா?

வணக்கம். ‘amniotic fluid stem cell’ என்பதற்குப் ‘பனிக்குட நீர்க் குருத்தணு’ என்று நான் வைத்த சொல்லைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இது பதில். குருத்தணு என்றால் ஸ்டெம் செல், வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்.

> ‘பனிக்குடக் குருத்தணு’ என்றே சுருக்கலாமே, ‘நீர்’ எதற்கு?

ஐயா, நீரை எடுத்தால் ஆளே மாறிவிடும். பனிக்குடம் என்பது கருப்பையில் குழந்தையையும் அதைச் சுற்றிய நீரையும் பொதிந்திருக்கும் சவ்வு. சவ்விலிருந்தும் குருத்தணுக்களைப் பிரிக்கிறார்கள். பெரும்பாலும் பிரசவம் முடிந்து நச்சுக்கொடியோடு வெளியே வந்த சவ்விலிருந்து. நீரில் கிடைப்பவை வேறு. 15 வாரத்துக்குப் பிறகு குரோமோசோம் சோதனைக்காக ஊசியில் உறிஞ்சும் பனிக்குட நீரில், சோதனை போக மிஞ்சுவதே ஆய்வுக்கூடத்துக்குப் போதும். அதில் குழந்தையின் தோல், நுரையீரல், சிறுநீர்ப் பாதை எல்லாவற்றிலிருந்தும் உதிர்ந்த செல்கள் மிதக்கும். 2007இல் டி கோப்பி, அட்டாலா என்ற ஆய்வாளர்களின் குழுவினர் அந்தக் கும்பலிலிருந்து சி-கிட் என்ற புரதத்தை அடையாளமாக வைத்துப் பொறுக்கியது ஏறக்குறைய 1 சதவீதத்தைத்தான். அவை சுமார் 36 மணி நேரத்தில் இரட்டிப்பாகின. எலும்பு, கொழுப்பு, தசை, நரம்புச் செல்களாகவும் மாறின.

> ‘கருக் குருத்தணு’வில் அடக்கிவிட்டால்?

கூடாது. அது சில நாள் கருவைக் கலைத்து எடுப்பது; எலிக்குள் செலுத்தினால் டெரட்டோமா என்னும், பலவகைத் திசுக்கள் கலந்த கட்டி வரும். பனிக்குட நீர்ச் செல்களில் அப்படிக் கட்டி வரவில்லை என்பது அந்த 2007 கட்டுரையின் முக்கியமான முடிவு. ஒரே பெயர் வைத்தால் கருவை அழிப்பது பற்றிய சண்டை இதன் தலையிலும் விழும்.

> இனப்பெருக்க ஆய்வுதானே, ‘இனப்பெருக்கக் குருத்தணு’ பொருந்தாதா?

அம்மா, அதைக் கேட்டால் விந்தணுவை உண்டாக்கும் மூலச் செல்தான் நினைவுக்கு வரும். கீமோ மருந்தால் சூலகம் பழுதான எலிகளுக்குப் பனிக்குட நீர்ச் செல்களைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். அவை கருமுட்டையாக மாறவில்லை. கருமுட்டை வளரும் நுண்ணறைகளில் மிச்சமிருந்தவை அழியாமல் காத்தன. எதற்குப் பயன்படுகிறது என்பது நாளைக்கு மாறும். எங்கிருந்து வந்தது என்பது மாறாது.

‘அணு’ என்றால் ஆட்டம் ஆயிற்றே என்று இயற்பியல் அன்பர் யாராவது வருவார். ‘விந்தணு’ என்ற சொல்லை மாற்றிவிட்டு வரட்டும், பிறகு பேசலாம். செல்லைக் ‘கலம்’ என்னும் இலங்கை நண்பர்கள் ‘குருத்துக்கலம்’ என்றால் எனக்கு மறுப்பில்லை.

எனக்குச் சிக்குவது வேறு இடம். பனிக்குட நீர்க் குருத்தணுவின் திறன் புளூரிபொட்டன்ட்டுக்கும் (உடலின் எல்லா வகைச் செல்லாகவும் மாறக்கூடியது) மல்டிபொட்டன்ட்டுக்கும் (சில வகைகளாக மட்டும் மாறக்கூடியது) நடுவே நிற்கிறது. முன்னதற்குப் ‘பன்திறன்’, பின்னதற்குச் ‘சிலதிறன்’ என்று வைத்தால் நடுவில் இருப்பதை எப்படிச் சொல்வது? ‘அகன்ற சிலதிறன்’ வாயில் நுழையவில்லை.